காத்திருப்பின் விலை

பீப்பாய் என்றதும் நம் நினைவுக்கு வருவது சாலையோரத்துத் தார் டிரம்மோ, மொட்டை மாடியில் தண்ணீர் பிடித்துவைக்கும் நீல நிற பிளாஸ்டிக் டிரம்மோதான். ஆனால், அந்தச் சொல் கடல் கடந்து வந்தது. போர்ச்சுக்கீசியர்களின் 'பீப்பா'தான் நம் வாயில் பீப்பாய் ஆனது. மேசை, ஜன்னல், அலமாரி, சாவி எல்லாம் அப்படி வந்தவைதான். அவர்களுடைய கப்பல்களில் வந்த பீப்பா மரத்தால் ஆனது. ஒயின், குடிதண்ணீர், உப்பிட்ட இறைச்சி என எல்லாமே அதற்குள் அடைத்துதான் வந்தன.

அதற்கும் வெகு காலம் முன்பு ரோமானியர்களின் ஒயின் நம் கரைக்கு மண் ஜாடியில் வந்தது. புதுச்சேரிக்குப் பக்கத்தில் உள்ள அரிக்கமேட்டில் 1945-ல் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது கிடைத்த 'ஆம்போரா' ஜாடித் துண்டுகள் அதற்குச் சாட்சி. பிறகு ரோமானியர்கள், இன்றைய பிரான்ஸ் பகுதியில் வாழ்ந்த கெல்டிக் இன மக்களிடம் மரப் பீப்பாயைப் பார்த்தார்கள். அது கீழே விழுந்தாலும் ஜாடிபோல உடையாது. எவ்வளவு கனமாக இருந்தாலும் ஒரே ஆள் உருட்டிக்கொண்டு போகலாம். மெல்ல மெல்ல மண் ஜாடி ஒதுங்கிக்கொள்ள, மரம் அந்த இடத்தைப் பிடித்தது.

ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகள் ஆகியும் நல்ல ஒயின் இன்னும் மரப் பீப்பாயில்தான் முதிர்கிறது. பீப்பாய் செய்பவருக்கு ஆங்கிலத்தில் 'கூப்பர்' என்று பெயர். நாளடைவில் அது ஒரு குடும்பப் பெயராகவே ஆகிவிட்டது. அதில் ஒயினை நிரப்புபவருக்குப் பெயரும் புகழும் பாட்டில் லேபிளிலேயே கிடைத்துவிடும். இந்த இருவருக்கும் நடுவில் நின்று பீப்பாயை வாங்கி விற்பவருக்குத்தான் ஒரு பெயரும் இல்லை.

அப்படிப் பெயரில்லாத ஒரு குடும்பத்தின் கதை இது.

கலிஃபோர்னியாவில், சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து வடக்கே காரில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகப் போனால் சோனோமா வந்துவிடும். பார்க்கும் இடமெல்லாம் திராட்சைத் தோட்டம். அங்கே சாண்டா ரோசா நகரின் விளிம்பில் இருக்கிறது ஒரு தகரக் கொட்டகை. உள்ளே காலெடுத்து வைத்தால் ஈர மரமும், வெனிலாவும், லேசான புகையும் கலந்த ஒரு வாசனை. தரையிலிருந்து கூரைவரை அடுக்கிய பீப்பாய்கள். ஓரத்தில் ஒரு மேஜை, கம்ப்யூட்டர், சுவரில் பெரிய காலண்டர். நிறுவனம் என்பது அவ்வளவுதான். கணவன், மனைவி, உதவிக்கு ஓர் ஆள். அறுவடைக்கு முந்தைய மாதங்களில் மட்டும் இன்னும் இரண்டு பேர்.

கணவர் பதினைந்து ஆண்டுகள் ஓர் ஒயின் ஆலையில் பீப்பாய் கழுவியவர். மனைவி ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் கணக்கு எழுதியவர். இருவருக்கும் வியாபாரம் செய்யும் எண்ணம் துளியும் இருந்ததில்லை. ஆலையில் வருடந்தோறும் பழைய பீப்பாய்களைக் கழித்துக் கட்டுவார்கள். ஒருநாள் பக்கத்து வீட்டு அம்மாள், "அதில் ஒன்றைப் பாதியாக அறுத்துக் கொடுத்தால் ரோஜா வைத்துக்கொள்வேன்" என்று கேட்டார். கணவர் அறுத்துக் கொடுத்தார். அந்த ரோஜாவைப் பார்த்துவிட்டுத் தெருவில் இன்னும் ஆறு பேர் கேட்டார்கள். பிறகு சனிக்கிழமைதோறும் சாலையோரத்தில் பீப்பாய்த் தொட்டி விற்பனை நடந்தது. தொழில் இப்படித்தான் ஆரம்பித்தது.

கொஞ்ச நாளில், வீட்டிலேயே சிறிய அளவில் ஒயின் செய்பவர்கள் வந்து கேட்டார்கள். "தொட்டி வேண்டாம், முழுப் பீப்பாயாகக் கிடைக்குமா?"

அங்கேதான் விஷயம் கனமானது. பூச்செடிக்கு எந்தப் பீப்பாய் கொடுத்தாலும் செடி வளரும். ஒயினுக்கு அப்படிக் கொடுத்துவிட முடியாது. பழைய பீப்பாயின் மரத்துக்குள் ஒயின் சில மில்லிமீட்டர் ஆழம்வரை ஊறியிருக்கும். அதில் கெட்ட கிருமி குடியேறிவிட்டால், எத்தனை முறை வெந்நீர் ஊற்றிக் கழுவினாலும் முழுதாகப் போகாது. அடுத்து ஊற்றும் ஒயினும் கெடும். ஒரு பீப்பாய்க்கு 225 லிட்டர், அதாவது 300 பாட்டில். ஒரு குடும்பத்தின் ஒரு வருட உழைப்பு அதற்குள் இருக்கலாம்.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. மூக்கு போதும். பீப்பாயின் வயிற்றில் உள்ள துளையின் அடைப்பானைக் கழற்றிவிட்டு கணவர் குனிந்து முகர்வார். வினிகர் நெடி அடித்தால் ஆகாது. நெயில் பாலிஷ் வாசனை வந்தால் ஆகாது. குதிரை லாயத்தின் வாசம் வந்தால் ஆகவே ஆகாது. காலிப் பீப்பாயில் பூஞ்சை பிடிக்காமல் இருக்க உள்ளே கந்தகத்தைக் கொளுத்திப் புகை ஏற்றி வைப்பார்கள். அவசரப்பட்டு முகர்ந்தால் மூச்சே நின்றுவிடும்போல இருக்கும். எந்தப் பீப்பாயை எப்போது முகர வேண்டும் என்பதே தனி அனுபவம்.

முகர்ந்து முடித்ததும் சாக்பீஸால் குறி போடுவார். ஒயினுக்கு ஆகும் என்றால் வெள்ளைக் கோடு. ஆகாது என்றால் சிவப்புக் கோடு. சந்தேகமாக இருந்தால்? அதற்கும் சிவப்புதான். "மூக்குக்குச் சந்தேகம் வந்தால் பூந்தொட்டி" என்பது அந்தக் கொட்டகையின் சட்டம்.

ஒருமுறை ஒரு வாடிக்கையாளர் சிவப்புக் கோடு போட்ட பீப்பாயைக் காட்டி, "விலையைக் குறைத்துக் கொடுங்கள், கெட்டால் என் பாடு" என்று கெஞ்சினார். கணவர் பதில் சொல்லவில்லை. ரம்பத்தை எடுத்துவந்து அவர் கண்ணெதிரிலேயே பீப்பாயை இரண்டாக அறுத்தார். வந்தவர் கோபித்துக்கொண்டு போனார். அடுத்த மாதம் திரும்பி வந்து, வெள்ளைக் கோடு போட்டதில் நான்கு வாங்கிக்கொண்டு போனார்.

பழைய பீப்பாயில் பெயர் கிடைத்ததும் புதுப் பீப்பாய்க்கு வழி திறந்தது. பிரான்ஸில் குடும்பமாகப் பட்டறை நடத்தும் ஒருவர், தன் பீப்பாய்களை சோனோமாவில் விற்றுத்தர ஆள் தேடிக்கொண்டிருந்தார். பெரிய விற்பனையாளர்கள் அவரைக் கண்டுகொள்ளவில்லை. இந்தத் தம்பதி ஒப்புக்கொண்டார்கள்.

அந்த ஊருக்குப் பிரெஞ்சுப் பீப்பாய் புதிதல்ல. ஒரு காலத்தில் கலிஃபோர்னிய ஒயின் பெரும்பாலும் செம்மரம்போலச் சிவந்த ரெட்வுட் மரத்தாலான பெரிய தொட்டிகளில்தான் கிடந்தது. சோனோமாவில் 'ஹான்ஸல்' என்ற தோட்டத்தை உருவாக்கிய ஜேம்ஸ் ஸெல்லர்பாக், பிரான்ஸின் பர்கண்டி பகுதி ஒயினில் மனதைப் பறிகொடுத்தவர். 1957-ல் அங்கிருந்து சின்னச் சின்ன ஓக் பீப்பாய்களை வரவழைத்துத் தன் ஒயினை அதில் வைத்தார். சுவை மாறியது. பார்த்தவர்கள் பின்பற்றினார்கள். 1976-ல் பாரிஸில் நடந்த ஒரு போட்டியில், பெயர் தெரியாமல் சுவைத்துப் பார்த்த பிரெஞ்சு நடுவர்கள் கலிஃபோர்னிய ஒயின்களுக்கு முதலிடம் கொடுத்துவிட்டார்கள். அதன் பிறகு கலிஃபோர்னியாவில் ஒயின் தொழில் எங்கேயோ போய்விட்டது. கூடவே பீப்பாயின் தேவையும்.

ஆனாலும், விலையைக் கேட்டதும் எல்லோரும் ஒருமுறை பெருமூச்சு விடுவார்கள். ஒரு புதுப் பிரெஞ்சுப் பீப்பாய் ஆயிரம் டாலருக்கு மேல். "மரத்துக்கா இவ்வளவு விலை?" என்று கேட்பார்கள். ஆரம்பத்தில் மனைவியிடம் பதில் இல்லை. அவருக்கும் உள்ளுக்குள் அதே கேள்விதான். பட்டறைக்காரர் அழைத்ததன்பேரில் பிரான்ஸுக்குப் போய்வந்த பிறகுதான் பதில் கிடைத்தது.

பிரான்ஸின் நடுப்பகுதியில் 'ட்ரோன்சே' என்று ஓர் ஓக் காடு இருக்கிறது. பதினான்காம் லூயி மன்னரின் அமைச்சர் கோல்பேர், எதிர்காலத்தில் போர்க்கப்பல் கட்ட மரம் வேண்டும் என்று கணக்குப் போட்டு, நாட்டின் காடுகளைக் காக்க 1669-ல் சட்டம் கொண்டுவந்தார். ட்ரோன்சே காடு திரும்பத் தழைத்தது அந்த ஏற்பாட்டில்தான். அந்த மரங்கள் வளர்ந்து பருத்து நின்றபோது, போர்க்கப்பல்களை இரும்பால் கட்டத் தொடங்கியிருந்தார்கள். கப்பலுக்கு என்று வளர்த்த மரம் ஒயினுக்குப் பயன்பட்டது.

பீப்பாய்க்கு ஓர் ஓக் மரத்தை வெட்ட அது 150 முதல் 200 வயதுவரை வளர்ந்திருக்க வேண்டும். நட்டவர் அதை வெட்டிப் பார்த்ததே கிடையாது. அவர் பேரனும் பார்த்திருக்க மாட்டார். வெட்டிய மரத்தையும் இஷ்டத்துக்கு அறுத்துவிட முடியாது. பிரெஞ்சு ஓக்கை அதன் நரம்பு ஓடும் போக்கிலேயே பிளக்க வேண்டும். குறுக்கே அறுபட்டால் அந்த வழியாக ஒயின் கசியும். அப்படிப் பிளப்பதில் கட்டையில் நான்கில் ஒரு பங்குகூடப் பலகையாகத் தேறுவது கஷ்டம். ஒரு மரத்திலிருந்து இரண்டு பீப்பாய் கிடைத்தால் பெரிது என்பார்கள்.

பிளந்த பலகைகளை உடனே பீப்பாய் ஆக்குவதும் இல்லை. திறந்தவெளியில் அடுக்கி, மழையிலும் வெயிலிலும் பனியிலும் இரண்டு மூன்று ஆண்டுகள் காயவிடுகிறார்கள். மரத்தின் கசப்பும் துவர்ப்பும் மழையில் கரைந்து இறங்கும். மஞ்சளாக இருந்த பலகை சாம்பல் நிறம் ஆகும். பிறகுதான் அதை இழைத்து, வளையத்துக்குள் வட்டமாக நிறுத்தி, நடுவில் நெருப்பு மூட்டி, ஈரத் துணியால் துடைத்துத் துடைத்து வளைக்கிறார்கள். ஆணியும் கிடையாது, பசையும் கிடையாது. பலகையோடு பலகை நெருங்கி நிற்பதும், இரும்பு வளையத்தின் பிடியும்தான் பீப்பாய்.

வளைந்த பிறகு இன்னொரு முறை நெருப்பு. இது வளைப்பதற்காக இல்லை, வறுப்பதற்காக. நம் வீட்டில் ரவை வறுப்பதுபோல இதிலும் பதம் உண்டு. இளவறுவல், நடுத்தரம், முறுகல் என்று வாடிக்கையாளர் கேட்டபடி வறுப்பார்கள். வறுபடும்போது மரத்திலிருந்து வெனிலா வாசனையும் கிராம்பு வாசனையும் எழும். கிராம்புக்கு அந்த மணத்தைத் தருகிற 'யூஜினால்' என்ற பொருள் ஓக் மரத்திலும் இருக்கிறது. ஒயினில் மெல்ல இறங்குவது இவைதான்.

ஊருக்குத் திரும்பிய மனைவி, அங்கிருந்து கொண்டுவந்த ஒரு பலகைத் துண்டை மேஜை மேல் வைத்துக்கொண்டார். யாராவது விலையைக் கேட்டால் அதைக் கையில் கொடுப்பார். "இதில் உள்ள வளையங்களை எண்ணுங்கள். எண்ணி முடித்ததும் விலை பேசலாம்" என்பார். யாரும் முழுதாக எண்ணி முடித்ததில்லை.

காட்டுக்காரர் இருநூறு ஆண்டுகள் காத்திருக்கிறார். அந்தக் காத்திருப்பின் செலவை அங்கே அரசாங்கம் சுமக்கிறது. பட்டறைக்காரர் மூன்று ஆண்டுகள் காத்திருக்கிறார். அதை அவருடைய வங்கிக் கடன் சுமக்கிறது. ஒயின்காரர் ஒன்றரை, இரண்டு ஆண்டுகள் காத்திருக்கிறார். அது பாட்டிலின் விலையில் ஏறிவிடுகிறது. நடுவில் இருக்கும் சின்ன வியாபாரியின் காத்திருப்பை யார் சுமப்பது? அந்தக் கேள்வியை அந்த வீட்டில் யாரும் பல ஆண்டுகள் கேட்டுக்கொள்ளவில்லை. 2020-ல் கேட்க வேண்டியதாயிற்று.

ஒரு வருடத்தின் கணக்கு அவர்களுக்கு இப்படித்தான் ஓடும். குளிர்காலத்திலும் வசந்தத்திலும் வாடிக்கையாளர்கள் எத்தனை பீப்பாய் வேண்டும் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார்கள். அதை நம்பி மனைவி பிரான்ஸுக்கு ஆர்டர் கொடுப்பார். ஜூலை, ஆகஸ்டில் கன்டெய்னரில் பீப்பாய்கள் வந்து இறங்கும். ஆகஸ்டு கடைசியிலிருந்து அக்டோபர்வரை அறுவடை. பீப்பாய் போய்ச் சேரும், பணம் வந்து சேரும். அதை யூரோவாக மாற்றிப் பட்டறைக்காரருக்கு அனுப்புவார்கள். எல்லாமே திராட்சை நல்லபடியாகப் பழுப்பதை நம்பித்தான்.

அந்தப் பகுதியில் காட்டுத்தீ புதிதல்ல. 2017 அக்டோபரில் 'டப்ஸ்' தீ ஒரே இரவில் சாண்டா ரோசாவுக்குள் புகுந்தது. 5,000-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் எரிந்தன. 22 பேர் இறந்தார்கள். கொட்டகை தப்பியது. உதவிக்கு இருந்தவரின் வாடகை வீடு போனது. அவர் குடும்பத்தோடு இவர்கள் வீட்டில் நான்கு மாதங்கள் தங்கினார். ஆனாலும் அந்த வருடம் பெரும்பகுதி அறுவடை தீக்கு முன்பே முடிந்திருந்தது. பீப்பாய்கள் நிரம்பியிருந்தன. பணம் வந்துவிட்டது.

2020 அப்படி இல்லை. வசந்தத்திலேயே கொரோனா வந்து உணவகங்களை மூடிவிட்டது. சின்ன ஒயின் ஆலைகளுக்கு விற்பனை படுத்துவிட்டது. ஆனாலும் திராட்சைக்கொடிக்குக் கொரோனா தெரியாதே! அது பாட்டுக்குக் காய்த்தது. போட்ட ஆர்டர்படி 200 புதுப் பீப்பாய்கள் ஜூலையில் வந்து இறங்கின.

ஆகஸ்டு நடுவில் மழையே இல்லாத மின்னல் மலைகளைத் தாக்கியது. காடு பற்றிக்கொண்டது. செப்டம்பர் 27 அன்று 'கிளாஸ்' தீ ஆரம்பித்தது. வாரக்கணக்கில் வானம் ஆரஞ்சும் சாம்பலுமாகக் கிடந்தது. தீ தொடாத தோட்டங்களிலும் புகை போய் உட்கார்ந்தது. புகையில் உள்ள சில பொருள்கள் திராட்சையின் தோலுக்குள் இறங்கிவிடும். அந்தத் திராட்சையில் செய்த ஒயினைக் குடித்தால் அணைந்துபோன அடுப்பை நக்கியதுபோல இருக்கும். சிவப்பு ஒயினைத் தோலோடு புளிக்கவைப்பதால் அதற்குத்தான் பாதிப்பு அதிகம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. புகை பிடித்த திராட்சையில் இருக்கும் முக்கியமான பொருளின் பெயர் 'குவாயகால்'. நெருப்பில் வறுத்த பீப்பாயிலும் அதே பொருள் கொஞ்சம் இருக்கிறது. பட்டறையில் ஓர் ஆள் பதம் பார்த்து மூட்டினால் அது மணம். காட்டில் தானாக மூண்டால் அதுவே நாசம்.

பழத்தைச் சோதித்துப் பார்க்கப் பரிசோதனைக்கூடங்களில் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது. முடிவு வருவதற்குள் பழம் அழுகிவிடும். பலர் பறிக்காமலே கொடியில் விட்டுவிட்டார்கள். அந்த வருடம் சிவப்பு ஒயினே வெளியிடுவதில்லை என்று பல ஆலைகள் முடிவெடுத்தன.

கொட்டகையில் போன் அடித்துக்கொண்டே இருந்தது. எல்லோரும் ஒரே விஷயத்தைத்தான் வேறு வேறு வார்த்தைகளில் சொன்னார்கள். 'பீப்பாய் வேண்டாம்.' பதினெட்டு வாடிக்கையாளர்களில் பதினோரு பேர். இருநூறில் நூற்றுப் பத்துப் பீப்பாய்கள் அப்படியே நின்றன. பிரான்ஸுக்குக் கட்ட வேண்டிய பணமோ லட்சம் டாலரைத் தாண்டியிருந்தது.

ஆர்டர் படிவத்தில், வாங்கியதை ரத்து செய்ய முடியாது என்று தெளிவாக எழுதியிருந்தது. "கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்" என்றார் மனைவி.

"வாங்கி, அதில் எதை ஊற்றுவார்கள்?" என்றார் கணவர்.

"பிரான்ஸில் நம் கையெழுத்தும் இருக்கிறது. அதற்கு யார் பதில் சொல்வது?"

கணவரிடம் பதில் இல்லை. அவர் சொன்னதும் நியாயம், இவர் சொன்னதும் நியாயம். வழக்குப் போட்டால் சின்ன ஆலைகளில் இரண்டு மூன்று மூடியே போகும். மூடிப்போனவர் அடுத்த வருடம் எப்படிப் பீப்பாய் வாங்குவார்? போடாவிட்டால் இவர்கள் வீடு ஏலத்துக்குப் போகலாம். நான்கைந்து நாள்கள் அந்த வீட்டில் சாப்பாட்டு மேஜையில் வேறு பேச்சே இல்லை.

கடைசியில் மனைவி பட்டறைக்காரருக்கு போன் செய்தார். அவரும் கஷ்டத்தில்தான் இருந்தார். மூன்று வருடத்துக்கு முன்பு கடன் வாங்கிப் போட்ட மரம் அது. நெடுநேரம் பேசிய பிறகு, "பாதியை இப்போது கொடுங்கள். மீதியை அடுத்த அறுவடைக்குப் பிறகு கொடுங்கள்" என்றார்.

பிறகு மனைவி பதினோரு பேரையும் ஒவ்வொருவராக அழைத்தார். எல்லோரிடமும் ஒன்றையே சொன்னார். "பீப்பாய் உங்களுடையதுதான். இங்கேயே இருக்கட்டும். அடுத்த வருடம் ஒயின் ஊற்றும்போது பணம் கொடுங்கள்."

போனின் மறுமுனையில் ஒருவர் அழுதுவிட்டார். இன்னொருவர், நன்றி சொல்லத் தெரியாமல், "எத்தனை மணிக்குக் கொட்டகையைத் திறப்பீர்கள்? உதவிக்கு வருகிறேன்" என்றார். வந்தார்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், பட்டறைக்காரருக்குக் கொடுத்த அந்தப் பாதிப் பணம் எங்கிருந்து வந்தது?

இவர்களுக்கு ஒரே மகள். அந்த வருடம்தான் பள்ளிப்படிப்பை முடித்தவள். தூரத்து ஊரில் ஒரு பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருந்தது. கொரோனாவால் ஒரு பருவம் தள்ளிப்போட்டிருந்தாள். அவள் படிப்புக்கென்று பதினாறு ஆண்டுகளாகச் சேர்த்துவைத்த பணத்தில்தான் பெற்றோர் கைவைத்தார்கள். எடுத்துக் கொடுத்துவிட்டு அப்புறம்தான் மகளிடம் சொன்னார்கள்.

"என்னை ஒரு வார்த்தை கேட்டீர்களா?" என்றாள் மகள். அவ்வளவுதான். அதன் பிறகு பல மாதங்கள் அந்த வீட்டில் தேவைக்கு மட்டுமே பேச்சு.

அவள் பல்கலைக்கழகத்தை விட்டுவிட்டு, உள்ளூரிலேயே கட்டணம் குறைந்த இரண்டு வருடக் கல்லூரியில் சேர்ந்தாள். கணக்கியல் எடுத்தாள். மாலையில் ஒரு காபிக் கடையில் வேலை பார்த்தாள். கொட்டகைப் பக்கமே வரவில்லை.

கொட்டகையில் வேறு கவலை. மரப் பீப்பாய் காய்ந்துபோனால் பலகைகள் சுருங்கும், இடைவெளி விழும், ஒயின் ஒழுகும். ஒரு வருடம் அதைக் காய விடாமல் காக்க வேண்டும். ஒவ்வொன்றையும் பிளாஸ்டிக் உறையால் சுற்றி, வெயில் படாத மூலையில் அடுக்கி, காற்றில் ஈரம் இருக்க தினமும் மாலையில் தரையை நனைத்தார் கணவர். 2021 வறட்சி ஆண்டு. தண்ணீருக்குக் கட்டுப்பாடு வந்தது. வீட்டுத் தோட்டத்துக்கு ஊற்றுவதை நிறுத்திவிட்டு அந்தத் தண்ணீரைக் கொட்டகைக்குக் கொண்டுபோனார். பழைய பீப்பாய்த் தொட்டிகளில் மனைவி வளர்த்த ரோஜாக்கள் அந்தக் கோடையில் வாடின.

வறட்சியால் காய்ப்பு குறைவுதான். ஆனால், புகை இல்லை. செப்டம்பரில் ஒவ்வொருவராக வண்டி கொண்டுவந்தார்கள். பீப்பாயில் வெந்நீர் ஊற்றிச் சோதித்தபோது மூன்றே மூன்று மட்டும் கசிந்தன. வளையத்தைத் தட்டி இறுக்கியதும் நின்றுவிட்டன. பதினோரு பேரில் எட்டுப் பேர் முழுப் பணத்தையும் கொடுத்தார்கள். இரண்டு பேர் பாதிப் பீப்பாய்களை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். ஒருவர் வரவே இல்லை. அவருடைய ஆலை அந்தக் குளிர்காலத்திலேயே மூடப்பட்டிருந்தது. பட்டறைக்காரரின் பாக்கி தீர்ந்தது. மகளின் கணக்கில் எடுத்ததில் பெரும்பகுதி திரும்பியது. ஆனால், தூரத்து ஊரில் அவளுக்குக் கிடைத்த அந்த இடம் திரும்பவில்லை.

இரண்டு வருடம் கழித்து, படிப்பு முடியும் தறுவாயில், மகள் தானாகவே கொட்டகைக்கு வந்தாள். ஒரு பாடத்துக்காக ஏதாவது ஒரு சிறு நிறுவனத்தின் கணக்கை ஆராய வேண்டும் என்றாள். அம்மா நோட்டுகளை எடுத்துக் கொடுத்தார். மூன்று நாள்கள் உட்கார்ந்து படித்தாள்.

நான்காம் நாள் ஒரு தாளை நீட்டினாள். புது ஆர்டர் படிவம். அதில் ஒரு வரி கூடுதலாக இருந்தது. தீ, புகை, வறட்சியால் அறுவடை பொய்த்தால், வாடிக்கையாளர் ஒரு வருடம்வரை பீப்பாயைக் கொட்டகையிலேயே விட்டுவைக்கலாம். அதற்கு, ஆர்டர் போடும்போதே கால் பங்கு முன்பணம் கட்டியிருக்க வேண்டும். அந்த முன்பணத்தை வேறு எதற்கும் தொடாமல் தனிக் கணக்கில் வைப்பார்கள்.

"நீங்கள் செய்தது தப்பு என்று சொல்லவில்லை. ஆனால், அதற்கான செலவை யார் கொடுப்பது என்று முதலிலேயே எழுதிவைத்திருக்க வேண்டும். எழுதாததால்தான் நான் கொடுத்தேன்" என்றாள்.

கணவர் அந்தத் தாளை மூன்று முறை படித்தார். மனைவி ஒரு முறைதான் படித்தார். கணக்குக்காரராயிற்றே! உடனே அச்சுக்குக் கொடுத்துவிட்டார். முன்பணம் கேட்டால் வாடிக்கையாளர்கள் ஓடிவிடுவார்கள் என்று கணவர் பயந்தார். ஒரே ஒருவர்தான் போனார். மற்றவர்கள் அந்த வரியைப் படித்துவிட்டு, சரி என்று தலையாட்டிக் கையெழுத்துப் போட்டார்கள். 2020-ல் தங்களுக்காக யாரோ எதையோ இழந்திருக்கிறார்கள் என்பது அவர்களுக்கும் தெரிந்துதான் இருந்தது. அதைக் கேட்க வாய் வராமல் இருந்தார்கள்.

குடும்பத் தொழிலில் இது எந்த ஊரிலும் நடப்பதுதான். கடையில் வராத பாக்கிக்காக வீட்டில் யாரோ ஒருவருடைய நகை போகும், யாரோ ஒருவருடைய படிப்பு தள்ளிப்போகும். கொடுத்தவருக்கு நல்ல பெயர். இழந்தவரின் பெயர் எந்த நோட்டிலும் இருக்காது. நல்ல மனது வேண்டாம் என்பதில்லை. அந்த நல்ல மனதின் செலவு யார் தலையில் விழுகிறது என்று பார்த்து, அவரையும் பக்கத்தில் உட்காரவைத்துப் பேச வேண்டும். அந்தப் பெண் கேட்டது அவ்வளவுதான்.

இப்போது சவால் வேறு வடிவத்தில் வந்திருக்கிறது. உலகம் முழுவதும் ஒயின் குடிப்பது குறைந்துகொண்டே வருகிறது. 1961-க்குப் பிறகு மிகக் குறைந்த அளவு 2024-ல்தான் என்று சர்வதேச ஒயின் அமைப்பு கணக்குச் சொல்லியிருக்கிறது. கலிஃபோர்னியாவில் பல இடங்களில் திராட்சைக்கொடியையே பிடுங்கிப் போடுகிறார்கள். மூன்று நான்கு முறை ஒயின் ஊற்றிய பீப்பாயில் மரத்தின் மணம் பெரிதாக மிச்சம் இருக்காது. முன்பெல்லாம் அதைக் கழித்துவிடுவார்கள். இப்போது இன்னும் ஒரு வருடம் ஓட்டலாம் என்கிறார்கள். இருநூறு பீப்பாய் விற்ற இடத்தில் நூறு விற்பதே பாடு.

அதனால், ஆரம்பித்த இடத்துக்கே மீண்டும் கொஞ்சம் போயிருக்கிறார்கள். பழைய பீப்பாயை பீர் தயாரிப்பவர்கள் வாங்குகிறார்கள். விஸ்கி ஆலைகள் வாங்குகின்றன. தேறாததைப் பிரித்து, வளைந்த பலகையில் நாற்காலியும் அலமாரியும் செய்ய ஒரு தச்சர் எடுத்துக்கொள்கிறார். சனிக்கிழமைகளில் பூந்தொட்டி வியாபாரம் மறுபடியும் சூடுபிடித்திருக்கிறது. முகர்ந்து பார்க்கும் வேலையை உதவியாளருக்குக் கற்றுக்கொடுத்துவிட்டார் கணவர். சந்தேகம் வந்தால் சிவப்புக் கோடு என்ற சட்டம் மட்டும் மாறவில்லை.

மகளுக்கு நகரில் ஒரு தணிக்கை நிறுவனத்தில் வேலை. தொழிலை எடுத்து நடத்துவாயா என்று பெற்றோர் கேட்கவில்லை. நடத்துவேன் என்று அவளும் சொல்லவில்லை. ஆனால், ஒவ்வொரு பிப்ரவரியிலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருகிறாள். அன்றுதான் பிரான்ஸுக்கு எத்தனை பீப்பாய் ஆர்டர் கொடுப்பது என்று முடிவாகும்.

இந்த வருடம் கணவர் நூறு என்றார். மனைவி தொண்ணூறு என்றார். மகள் வங்கிக் கணக்கைப் பார்த்துவிட்டு எழுபது என்றாள். சாப்பாடு ஆறும்வரை பேசினார்கள். எண்பது என்று முடிவானது. தாளின் அடியில் மூன்று கையெழுத்துகள் விழுந்தன.